ஹைலக்ஸ் பிக்கப்புக்கு டயரும் ரிம்மும்: கரடுப் பாதைக்கான அளவுத் தேர்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா ஹைலக்ஸ் 2022 முதல் இந்தியாவில் விற்பனையாகிறது. வாங்கிய ஓரிரு மாதங்களிலேயே உரிமையாளர்களில் பலர் டயர் கடைக்குப் போய், பெரிய டயரும் அகன்ற ரிம்மும் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் தவறான அளவைத் தேர்ந்துவிட்டால், நல்ல வண்டி ஒன்று ஸ்டியரிங் கனத்து, பிரேக் மந்தித்து, மட்கார்டில் உரசிக்கொண்டு ஓடும் வண்டியாகிவிடும். கீழே உள்ள கணக்குகள் ஹைலக்ஸை வைத்துப் போடப்பட்டவை. கணக்குப் போடும் முறை எந்தப் பிக்கப்புக்கும் பொருந்தும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள 265/65 ஆர்17 112எஸ் என்பதை எப்படிப் படிப்பது?

265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது; ஆகவே சுவரின் உயரம் சுமார் 172 மி.மீ. ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு, 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 112 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 1120 கிலோ வரை தாங்கும் என்று பொருள். எஸ் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 180 கி.மீ. முழு டயரின் விட்டம் வேண்டுமானால் சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். இந்த அளவுக்கு அது சுமார் 776 மி.மீ. வரும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு இப்பக்கத்தில் மீதியுள்ளவை எளிதாகப் புரியும்.

17 அங்குல ரிம் நல்லதா, 18 அங்குல ரிம் நல்லதா?

கரடுப் பாதைக்கு 17. தயக்கமின்றிச் சொல்லக்கூடிய விடை இது.

ஹைலக்ஸின் கீழ்நிலை வகையில் 265/65 ஆர்17 டயரும், உயர்நிலை வகையில் 265/60 ஆர்18 டயரும் நிறுவனத்திலிருந்தே வருகின்றன. முதலாவதன் விட்டம் 776 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 775 மி.மீ. தரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். வேறுபாடு உள்ளே இருக்கிறது: 17 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 172 மி.மீ., 18 அங்குல ரிம்மில் 159 மி.மீ. அந்த 13 மி.மீ. ரப்பரே பாறை விளிம்பு இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிறது. காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போது டயர் அமுங்கிப் பரவுவதற்கும் அந்த உயரம்தான் இடம் தருகிறது. விலை கூடிய வகையை வாங்கியவர் கரடுப் பாதையில் சற்றுக் குறைந்த வசதியோடு இறங்குகிறார் என்பது வியப்பாகத் தோன்றலாம். 18 அங்குல ரிம் தார்ச்சாலைத் தோற்றத்துக்கும் வளைவில் கிடைக்கும் இறுக்கத்துக்கும் உரியது.

உயர்நிலை வகை வைத்திருப்பவர்கள் பயன்படுத்திய 17 அங்குல ரிம்கள் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கி மாற்றிக்கொள்வதைப் பரிந்துரைக்கிறோம். வாங்குமுன் ஒரு ரிம்மை முன்சக்கரத்தில் பூட்டி, பிரேக் காலிப்பரில் எங்கும் தட்டாமல் கையால் சுற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 20 அங்குல ரிம் போட விரும்புவோரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம்: அந்த வண்டியைக் கல்லிலும் மணலிலும் இறக்காதீர்கள்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

ஒரு படி மட்டும் ஏறுங்கள். 17 அங்குல ரிம்மில் அந்த ஒரு படி 265/70 ஆர்17. இதன் விட்டம் சுமார் 803 மி.மீ., கடைக்காரர்கள் 32 அங்குலம் என்று சொல்வது இதைத்தான். சரியாகச் சொன்னால் 31.6. பழைய டயரைவிட விட்டம் 26 மி.மீ. கூடுவதால் வண்டி 13 மி.மீ. உயர்கிறது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் பக்கச்சுவர் 172-லிருந்து 185 மி.மீ. ஆகிறது, 18 அங்குல டயரோடு ஒப்பிட்டால் 26 மி.மீ. கூடுதல் சுவர். பெரும்பாலான வண்டிகளில் இந்த அளவு சிறு சரிசெய்தலோடு அமர்ந்துவிடும்.

அடுத்த படி 285/70 ஆர்17. விட்டம் சுமார் 831 மி.மீ., கடை வழக்கில் 33 அங்குலம். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். உண்மையில் நடப்பது வேறு. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் பின்விளிம்பு கேபின் தாங்கியின் பக்கமும், மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கிலும் உரசுகிறது. அதைத் தவிர்க்க சஸ்பென்ஷனை உயர்த்த வேண்டும், பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும், சில வண்டிகளில் தாங்கியின் இரும்பு விளிம்பையே அறுத்துப் பற்றவைக்க வேண்டும். சமதரையில் உரசாத டயர், ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் மேட்டிலும் இருக்கும்போது உரசும் என்பதைப் பலர் முதல் பயணத்தில்தான் கண்டுகொள்கிறார்கள். இவற்றையெல்லாம் செய்து கிடைக்கும் கூடுதல் உயரம், நிறுவன டயரைவிட 27 மி.மீ.

பெரிய டயரின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் 38 அங்குல டயர் பூட்டி மாற்றியமைத்த ஹைலக்ஸ் 2007-இல் வட காந்தத் துருவப் பகுதிவரை ஓடியது. அந்த அளவு டயருக்காக மட்கார்டும் சஸ்பென்ஷனும் பல்சக்கர விகிதமும் சேர்த்தே மாற்றப்படுகின்றன. டயரை மட்டும் பெரிதாக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுவது அந்த வேலையில் கால் பங்கைச் செய்வதாகும்.

ஸ்பீடோமீட்டரும் இழுவிசையும் மைலேஜும் எப்படி மாறும்?

டயரின் விட்டம் கூடினால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. 265/70 ஆர்17 போட்டால் 3.4 விழுக்காடு வேறுபாடு, 285/70 ஆர்17 போட்டால் 7 விழுக்காடு. மீட்டர் சரியாகவே காட்டும் வண்டி என்று வைத்துக்கொண்டால், முள் 100-இல் நிற்கும்போது உண்மையான வேகம் முறையே 103-உம் 107-உம் ஆகும். தூரமானியும் அதே அளவு குறைத்துக் காட்டுவதால், பெரிய டயர் போட்டபின் மைலேஜ் கணக்குப் பார்ப்பவர்கள் அந்த விழுக்காட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

இழுவிசையிலும் அதே கணக்கு தலைகீழாக வருகிறது. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் ஆட்டோமேட்டிக் வகையில் 500 நியூட்டன் மீட்டரும், மேனுவல் வகையில் 420 நியூட்டன் மீட்டரும் தருகிறது. 33 அங்குல டயரில் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 6.5 விழுக்காடு குறையும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. மேனுவல் வண்டியில், சுமையோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது கிளட்சுக்கு அது தெரியும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது எடை. 285/70 ஆர்17 அளவில் கனரக வகை டயர் ஒன்று சுமார் 25 கிலோ இருக்கும். நிறுவன டயரோடு ஒப்பிட்டால் சக்கரத்துக்கு ஏழெட்டுக் கிலோ கூடுதல். பின் தொட்டியில் வைத்த எடை வேறு, சுழலும் எடை வேறு. சுழலும் எடையை முடுக்குவதும் நிறுத்துவதும் கடினம். ஷாக் அப்சார்பருக்கும் அது ஓயாத வேலை.

சஸ்பென்ஷனை உயர்த்தினால் போதாதா, டயரை ஏன் மாற்ற வேண்டும்?

சஸ்பென்ஷனை உயர்த்தினால் உயர்வது உடல்தான். ஹைலக்ஸின் பின்புறம் ஒரே துண்டாக இருக்கும் அச்சு. அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கரத் தொகுதி) உருண்டைதான் பின்பக்கத்தின் தாழ்ந்த இடம். எத்தனை அங்குலம் சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் அந்த உருண்டை தரையிலிருந்து இம்மியும் உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. ஏறும் கோணமும் இறங்கும் கோணமும் மேம்பட உயர்த்துதல் உதவும் என்பது உண்மை. ஆனால் முன்பக்கம் அளவுக்கு மீறி உயர்த்தினால் ஆக்சில் மூட்டுகள் கூர்மையான கோணத்தில் சுழன்று விரைவில் தேயும்.

அகலமான டயரா, ஒடுங்கிய டயரா?

நிலத்தைப் பொறுத்தது. மழையில் ஊறிய களிமண் பாதையில் மேலே ஒரு சாண் சேறும் கீழே கெட்டி மண்ணும் இருந்தால், ஒடுங்கிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். அகன்ற டயர் மேலேயே மிதந்து வழுக்கும். அடியில் பிடிமானமே இல்லாத சதுப்பிலும் மணலிலும் மிதப்பதுதான் தேவை. ஆனால் மணலில் அந்த மிதப்பு பெரும்பாலும் அகலத்தால் வருவதில்லை. காற்றைக் குறைக்கும்போது தரையில் படியும் பகுதி நீளவாக்கில் வளர்வதால் வருகிறது. ஆகவே உயரமான சுவர் கொண்ட 265 அகலமே மணலுக்குப் போதும். 285-உம் 305-உம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏ.டி. டயரா, எம்.டி. டயரா?

வாரநாட்களில் வேலைக்கும் மாதம் ஒருமுறை கரடுப் பாதைக்கும் போகிறவருக்கு ஏ.டி. எனப்படும் பல்நிலப் பட்டை டயர். எம்.டி. எனப்படும் சேற்று டயர் ஈரமான தார்ச்சாலையில் நிற்கும் தூரம் கூடுதல், இரைச்சலும் மிகுதி. வாரந்தோறும் சேற்றில் இறங்குகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆஃப்செட், பி.சி.டி., நடுத்துளை என்று கடையில் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றையும் கவனிக்க வேண்டும், மூன்றும் தனித்தனிச் செய்திகள். பி.சி.டி. என்பது போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஹைலக்ஸில் ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம். இதே 139.7 இசுசு டி-மேக்ஸிலும் உண்டு என்பதால் இரண்டின் ரிம்களும் மாற்றி மாற்றிப் பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடுத்துளை அங்கே குறுக்கே வருகிறது. ஹைலக்ஸின் நடுத்துளை 106.1 மி.மீ.; டி-மேக்ஸின் துளை அதைவிடச் சிறியது, ஹைலக்ஸின் ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் நடுக்குடத்தில்) ஏறாது. துளை பெரிதாக உள்ள சந்தை ரிம் ஏறிவிடும், ஆனால் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளின் பிடியில் மட்டும் நடுவில் நிற்கும். சிறிது விலகினாலும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அப்படிப்பட்ட ரிம்முக்கு நடுவளையம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. நிறுவன ரிம் 7.5 அங்குல அகலமும் கூட்டல் 30 ஆஃப்செட்டும் கொண்டது. சந்தையில் ஆசையோடு வாங்கப்படும் 8.5 அங்குலம், பூஜ்யம் ஆஃப்செட் ரிம்மைப் போட்டால், வெளிவிளிம்பு சுமார் 43 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 17 மி.மீ. விலகுகிறது. வண்டி அகன்று நிற்பதால் தோற்றம் மிடுக்காகிறது. அதற்கு ஈடாக டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்று கல்லையும் சேற்றையும் கதவில் வாரி இறைக்கும். திரும்பும்போது பெரிய வட்டத்தில் சுழல்வதால் முன்பைவிட எளிதாக உரசும். சக்கரத்தின் நடுக்கோடு 30 மி.மீ. வெளியேறியதால் ஹப் பேரிங் கூடுதல் நெம்புவிசையைத் தாங்கும். ஒரு சக்கரம் குழியில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். 265/70 டயருக்கு நிறுவன ரிம்மே போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 8 அங்குலமும் கூட்டல் 20-க்குக் குறையாத ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மைப் பாருங்கள். அதில் வெளிவிளிம்பு 16 மி.மீ. மட்டுமே நகரும்.

ஸ்பேசர் எனப்படும் இடைத்தட்டுகளைப் போட்டு அகலப்படுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. கழன்று போகக்கூடிய இணைப்பு ஒன்றைச் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் கூட்டுவதற்கு அழகைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அலாய் ரிம்மா, இரும்பு ரிம்மா?

இரும்பு ரிம் இடிபட்டால் வளையும். வழியில் சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திவிடலாம். அலாய் ரிம் எடை குறைவு, ஆனால் கடும் இடியில் விரிசல் விடும். தொலைதூர ஒற்றை வண்டிப் பயணத்துக்கு இரும்பு, மற்றவற்றுக்கு அலாய். எதை வாங்கினாலும் உட்புறத்தில் பொறித்துள்ள சுமை அளவைப் படித்துப் பாருங்கள். காருக்கென வார்த்த ரிம் பிக்கப்புக்கு ஆகாது.

எல்.டி. என்று அச்சிட்ட டயர் கூடுதல் வலிமை உடையதுதானே, அதையே போடலாமா?

எல்.டி. என்பது இலகுரகச் சரக்கு வண்டிக்கான கட்டமைப்பு. 265/70 ஆர்17 அளவில் சாதாரண டயரின் சுமைக் குறியீடு 115, அதாவது 1215 கிலோ, எல்.டி. வகையில் 121/118 என்று இருக்கும், முதல் எண்ணுக்கு 1450 கிலோ. இரண்டாவது எண் ஒரே பக்கம் இரட்டைச் சக்கரம் பூட்டும் வண்டிகளுக்கு உரியது. கூரான கல் நிறைந்த பாதையில் எல்.டி. டயரின் தடித்த சுவருக்கு ஈடில்லை.

இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. அந்த 1450 கிலோ, டயரில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காற்று இருந்தால்தான். பழைய டயருக்கு அடித்த 29 பி.எஸ்.ஐ.-யையே இதற்கும் அடித்தால், இது பழைய டயரைவிடக் குறைவாகவே தாங்கும். ஆகவே எல்.டி. போட்டவர்கள் டயர் நிறுவனத்தின் சுமை அழுத்த அட்டவணையைப் பார்த்து, தார்ச்சாலைக்கு சில பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். காலியாக ஓடும் வண்டி அதனால் சற்று உதறும். தொட்டி எப்போதும் காலியாக இருக்கும் என்றால் எல்.டி. தேவையில்லை.

மணலில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?

கெட்டிச் சரளைக்கு 22 முதல் 24 பி.எஸ்.ஐ., பாறைக்கு 18 முதல் 22, மணலுக்கு 15 முதல் 18. பன்னிரண்டுக்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மின் விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியின் செம்மணலில் கால் புதைய நடந்தவர்களுக்கு மென்மணல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. குதிரைமொழித் தேரி காப்புக்காடாக இருப்பதால் வண்டியை அங்கே இறக்கக் கூடாது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் இதே பாடத்தைக் கற்கலாம். 29 பி.எஸ்.ஐ.-யில் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். அதே வண்டியில் 16-க்கு இறக்கினால், பெரும்பாலும் யாரும் தள்ளாமலே மேலேறி வந்துவிடும். எந்த ரிம், எந்த அகலம் என்று இத்தனை நேரம் பேசியவை எல்லாவற்றையும்விட மணலில் கூடுதல் பலன் தருவது ஒரு நல்ல காற்றுக் கேஜும் கையடக்கக் கம்ப்ரசரும்தான். காற்றைக் குறைத்த வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. சுவர் சூடாகி உள்ளுக்குள்ளே கிழியும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு டயர் வாங்கினால் போதுமா?

ஐந்து வாங்குங்கள். ஹைலக்ஸின் நான்கு சக்கர இயக்கத்தில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர நிலையில் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. பழைய 776 மி.மீ. ஸ்டெப்னி ஒன்றும் புதிய 803 மி.மீ. டயர் மூன்றும் பூட்டிக்கொண்டு அந்த நிலையில் ஓட்டினால், சுற்று எண்ணிக்கை ஒத்துவராமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஸ்டெப்னி தொட்டியின் அடியில் தொங்குவதால், புதிய டயர் அந்த இடத்தில் அமர்கிறதா என்று வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும்.

அளவை மாற்றுவது சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. நிறுவனம் இதே வண்டிக்குத் தரும் 265/65 ஆர்17, 265/60 ஆர்18 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்வதே ஐயத்துக்கு இடமில்லாத வழி. அதற்கு அப்பால் போகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துவடிவில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது எழும் முதல் கேள்வி இதுவாக இருக்கக்கூடும்.

சட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டியது, கிடைக்கும் தன்மை. 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு இந்திய அரசு உரிமக் கட்டுப்பாடு விதித்திருப்பதால், அரிய அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை. ஃபார்ச்சூனருக்கும் பயன்படும் 265/65 ஆர்17 அளவை மாவட்டத் தலைநகரிலாவது வாங்கிவிடலாம். சுவர் கிழிந்த 285/70-க்கு லடாக்கில் மாற்று தேடுவது வேறு அனுபவம்.

பூட்டும் நாளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் தவறாமல் செய்ய வேண்டும். ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, ஒரு முன்சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றி, உரசல் உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக நட்டுகள். டொயோட்டாவின் அலாய் ரிம் நட்டு நேரான கழுத்தும் தட்டையான வாஷரும் கொண்டது. சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு முனை நட்டைக் கேட்பவை. பழைய நட்டையே புதிய ரிம்மில் முடுக்கினால், இறுகியதுபோலத் தெரியும், ஆனால் சரியாக அமராது. இரண்டிலும் மரை ஒன்றே, 12 மி.மீ., 1.5 பிட்ச் என்பதால் கடைப் பையனுக்குச் சுற்றும்போது வேறுபாடு தெரியாது. ரிம் வாங்கும்போதே அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்கி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை நீங்களே மீண்டும் சரிபாருங்கள்.